விலங்குடலில் ஆறாம் அறிவு: வானரர் பற்றிய ஓர் ஆய்வு

வானரர் என்போர் குரங்கின் உடலோடு மனிதரின் பேச்சும் அரசும் அறமும் கொண்டவர்களாக இராமாயணம் படைத்துக் காட்டும் இனத்தார். கிட்கிந்தை அவர்களுடைய தலைநகர். அங்கே அரசன் உண்டு, இளவரசன் உண்டு, அமைச்சன் உண்டு, முடிசூட்டு விழாவும் நீத்தார் கடனும் உண்டு. எல்லோருக்கும் வாலும் உண்டு. வாலி இந்திரனுக்கும், சுக்கிரீவன் கதிரவனுக்கும், அனுமன் காற்றுக் கடவுளுக்கும், நளன் தேவதச்சனுக்கும், நீலன் தீக்கடவுளுக்கும் பிறந்தவர்கள். கரடி வேந்தன் சாம்பவான் பிரமனின் கொட்டாவியில் தோன்றியவன் என்கிறார் வான்மீகி. நினைத்த உருவை எடுக்கும் ஆற்றலும் இவர்களுக்குச் சொல்லப்படுகிறது. போருக்குத் திரண்ட படையின் அளவைக் கம்பர் எழுபது வெள்ளம் என்று கணக்கிடுகிறார்.

இதிகாசத்துக்கு வெளியேயும் இந்த இனத்துக்கு இப்போது ஒரு வாழ்வு வந்திருக்கிறது. ரோல்-பிளேயிங் கேம் எனப்படும் வேடமேற்பு விளையாட்டில், ஒரு கற்பனை உலகத்தை அமைப்பவர் முதலில் எழுதுவது அங்கே வாழும் இனங்களின் பட்டியலைத்தான். பூனைமுகத்தார், பல்லியுடலார், பறவைத்தலையர் என்று அது நீளும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வழக்கத்தை ஊன்றியது. அதன் 2001ஆம் ஆண்டு நூலான ‘ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்’ வானரரை ஆட்டக்காரர் ஏற்று ஆடத்தக்க இனமாகச் சேர்த்தது. பாத்ஃபைண்டர் விளையாட்டின் 2012ஆம் ஆண்டு இனக் கையேட்டிலும் அவர்கள் இடம்பெற்றனர். இத்தகைய எந்த இனத்தைப் படைத்தாலும் ஒரு கேள்வி எழுந்தே தீரும். வாலும் மயிரும் கொண்ட ஒருவனை விலங்கின் கணக்கில் வைப்பதா, மக்களின் கணக்கில் வைப்பதா? தமிழ் இந்தக் கேள்வியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அதற்குக் கிடைத்த மிக ஆழமான விடையை ஆண்டுதோறும் இரவு முழுக்கத் தமிழ்ப்பாட்டாகவே பாடிவருவது இன்று கேரளத்தில் இருக்கும் பாலக்காட்டு நிலம்.

தமிழில் வானரர் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று புறநானூற்றின் 378ஆம் பாட்டில் இருக்கிறது. சோழன் இளஞ்சேட்சென்னி அள்ளிக்கொடுத்த அணிகலன்களைக் கண்டு, வறுமையில் வாடிய புலவரின் சுற்றத்தார் திகைத்துப்போகிறார்கள். விரலுக்குரியதைக் காதிலும், காதுக்குரியதை விரலிலும், இடுப்புக்குரியதைக் கழுத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். அரக்கன் கவர்ந்து சென்ற சீதை வழியில் விழவிட்ட நகைகளை எடுத்தணிந்த செம்முகக் குரங்குக் கூட்டத்தைப் புலவர் ஊன்பொதி பசுங்குடையார் இதற்கு உவமையாக்குகிறார். அவர் காட்டுவது கிட்கிந்தையின் அமைச்சர்களை அல்ல, உண்மையான குரங்குகளை. மணிமேகலையிலும் கடலை அடைக்க மலைகளைக் கொண்டுவந்து எறிவது குரங்குகளே. அவற்றுக்கு அங்கே பேச்சும் இல்லை, பெயரும் இல்லை.

ஆனால் அந்தக் குரங்குகளையே சங்கப் புலவர்கள் எவ்வளவு பரிவோடு பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் ஒரு கருங்கண் முசுக்கலை இறந்துபோகிறது. அதன் துணையான மந்திக்குக் கைம்மை தாங்கவில்லை. மரமேறும் தொழிலை இன்னும் கற்றுக்கொள்ளாத தன் பறழைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஓங்கிய மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. கற்பு, சுற்றம், அடைக்கலம் என்று மனிதக் குடும்பத்துக்குரிய எல்லாமே அந்த மந்திக்கு இருக்கின்றன. சொல் வளமும் இதற்கேற்பவே அமைந்தது. குரங்கு, முசு, ஊகம் என மூன்று வகை, ஆணுக்குக் கடுவன், கலை, பெண்ணுக்கு மந்தி, குட்டிக்குப் பறழ், மகவு. மகவு என்பது மனிதக் குழந்தைக்கும் அதே சொல்தான். சாம்பல் மந்தியை இடுக்கி எல்லையிலுள்ள சின்னாறு காட்டிலும், சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கைப் பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கிலும் நெல்லியாம்பதியிலும், கருமந்தியை மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் இன்றும் காணலாம். குறிஞ்சிப் புலவர்களின் அந்தப் பார்வை இத்தகைய காடுகளை நெருங்கி நின்று பெற்றது.

இலக்கணமும் இதே திசையில் சென்றது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. மக்கள் ஆறறிவு உடையவர்கள். ஆனால் அந்த எல்லையில் இரண்டு கதவுகளை அது திறந்தே வைத்திருக்கிறது. மனித உடல் இருந்தும் பகுத்தறியாதவர்களை ‘மாக்கள்’ என்று விலங்கோடு சேர்த்து ஐயறிவில் நிறுத்துகிறது. மறுபக்கம், விலங்கிலும் ஒருசாரனவற்றுக்கு ஆறாம் அறிவு உண்டு என்று உரையாசிரியர் இளம்பூரணர் கொண்ட பாடத்தில் ஒரு நூற்பா கூறுகிறது. அதற்கு உரைகாரர் காட்டும் உயிர்களில் கிளியோடும் யானையோடும் குரங்கும் நிற்கிறது. உடல் ஒருவனை எந்த வகுப்பிலும் அடைத்துவிடாது என்ற முடிவு இதிலேயே முளைவிட்டிருக்கிறது.

அது முழுமை பெறுவது வாலியின் மரணத்தில். அம்பு மார்பில் தைத்துக் கிடக்கும் வாலிக்கும் அவன் தம்பி சுக்கிரீவனுக்காக மறைந்திருந்து எய்த இராமனுக்கும் நடக்கும் வழக்கு, வான்மீகியில் ஒரு விதமாகவும் கம்பரில் வேறு விதமாகவும் போகிறது. இந்த வேறுபாட்டுக்குள்தான் வானரர் யார் என்ற கேள்வியின் உயிர்நாடி இருக்கிறது.

வான்மீகியின் வாலி தன்னை விலங்காக வைத்தே வாதாடுகிறான். என் தோல் உடுக்க உதவாது, என் இறைச்சி உண்ணத்தக்கதன்று. ஐந்து நகமுள்ள உயிர்களில் முயல், உடும்பு, ஆமை போன்ற ஐந்தைத்தானே உண்ணலாம் என்றிருக்கிறது, பிறகு என்னை எதற்குக் கொன்றாய் என்று கேட்கிறான். இராமன் தரும் மறுமொழியில் இரண்டு இழைகள் உண்டு. தம்பியின் மனைவியைக் கவர்ந்தது அறத்துக்குப் பிழை என்பது ஒன்று. வேட்டையில் அரசர்கள் மறைந்திருந்தும் வலை விரித்தும் விலங்குகளைக் கொல்வது வழக்கம், நீயோ கிளைவாழ் விலங்கு, ஆகவே குற்றமில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. அறத்தை மீறியவன் என்று தண்டிக்கப்படுபவன் அறம் அறிந்தவனாக இருக்க வேண்டும். வேட்டையாடப்படுபவன் வெறும் விலங்காக இருக்க வேண்டும். வாலி ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க முடியாது.

கம்பர் இந்த முரணைக் கண்டுகொண்டார் என்றே கொள்ள வேண்டும். அவருடைய இராமன் வேட்டை நியாயத்தைத் தொடுவதே இல்லை. அந்தச் சொல்லை அவர் வாலியின் வாயில் குற்றச்சாட்டாக வைத்துவிட்டார்: கொடிய வேடனைப் போல மறைந்து நின்று எய்தாயே, இது என்ன என்று வாலி கேட்கிறான். தன்னைக் காத்துக்கொள்ள வாலி விலங்கு என்ற பெயரையும் எடுத்துக்கொள்கிறான்; உங்களுக்குள்ளது போன்ற மணமுறையை நான்முகன் எங்களுக்கு வகுக்கவில்லை, மனம் போனபடி வாழ்வதே எங்கள் இயல்பு என்கிறான். இராமன் அதை ஏற்க மறுக்கிறான். உன் பிறப்பு தேவர் வழிப் பிறப்பு, நன்மை தீமை எது என்று உனக்குத் தெரியும், அறநூல் பேசுகிறாய், பிறகு எப்படி விலங்கென்று ஒதுங்குவாய் என்பது அவன் வாதம். ஒரு நிலையைத் தீர்மானிப்பது உடம்பு அல்ல, அந்த உடம்புக்குள் இருக்கும் அறிவு என்கிறான். சான்றாக அவன் காட்டுவதும் இரண்டு விலங்குடலங்களைத்தான்: முதலை பற்றியபோது முதல்வனை அழைத்த யானை, சீதைக்காகப் போரிட்டு மாண்ட கழுகரசன் சடாயு. மறைந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு மட்டும் இராமன் விடை சொல்வதில்லை, அவன் தம்பி இலக்குவன் சொல்கிறான். அந்த விடை வாலியைத் தேற்றினாலும் படிப்பவர் எல்லோரையும் தேற்றியதில்லை. அது தனி வழக்கு.

வானரரின் மதிப்பை உயர்த்தும் இந்தப் பார்வை கம்பரின் கிட்கிந்தா காண்டம் முழுவதும் பரவியிருக்கிறது. வான்மீகியில் வாலி இறந்த பின் அவன் மனைவி தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பரில் அவள் கைம்மைக் கோலத்தில் இருக்கிறாள். சுக்கிரீவன் வாக்குத் தவறியதால் சினந்து வரும் இலக்குவன் அவளைக் கண்டதும் தன் தாயரை நினைத்துத் தலைகவிழ்கிறான். வாலியும் சாகும் நேரத்தில் தம்பிக்காகவே வேண்டுகிறான்: அவன் கள் மயக்கத்தில் ஏதேனும் பிழை செய்தால் என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவாதே. கார்காலம் முடிந்தபோது சுக்கிரீவன் கள் மயக்கத்தில் அப்படியே பிழை செய்யவும் செய்கிறான். முதல் சந்திப்பிலேயே அனுமனின் பேச்சைக் கேட்ட இராமன் வான்மீகியில் அவனுடைய இலக்கணப் புலமையை வியக்கிறான். கம்பர் அவனுக்குச் ‘சொல்லின் செல்வன்’ என்ற பட்டத்தையே தந்துவிட்டார். ஒரு வானரனை உலகம் நினைவில் வைத்துக்கொள்ள முதல் காரணம் அவன் பாய்ச்சல் அல்ல, பேச்சு.

இந்தக் கம்பனைப் பாலக்காடு தன் நிழலில் வைத்துக் காத்துவருகிறது. பாரதப்புழைக் கரையோரம் ஷொர்ணூர், ஒற்றப்பாலம் வட்டாரங்களின் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தே அந்த நிழல். அம்மனை நோக்கியபடி நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடம் இருக்கும். நீளம் ஏறத்தாழ 42 அடி. முன்புறம் வெள்ளைத் திரை. அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். மான் தோலிலும் இப்போது ஆட்டுத் தோலிலும் வெட்டிய பாவைகளில் சிறு சிறு துளைகள் நெருக்கமாகக் குத்தப்பட்டிருக்கும். பாவை திரையை ஒட்டி நிற்கும்போது அந்தத் துளைகளின் வழியே ஒளி கசிந்து முடியும் ஆரமும் கண்ணும் பிறக்கின்றன. காற்றில் சுடர் அசைந்தால் பாவை அசையாமலே நிழல் மூச்சுவிடுகிறது.

தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே இந்தக் கூத்து என்பது மரபு. கோயிலுக்குக் கோயில் நாட்கள் மாறும். 7, 14, 21 இரவுகள் என்று போகும். ஷொர்ணூர் அருகிலுள்ள கவளப்பாறை ஆரியங்காவு பெயர்பெற்ற களங்களில் ஒன்று. பாடப்படுபவை கம்பரின் தமிழ்ச் செய்யுள்கள். அவற்றுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த விளக்கம் நீண்டு செல்கிறது. இந்த ஆட்டப் பனுவலை ஆடல்பற்று என்கிறார்கள். கூத்து நடத்துபவர் புலவர் என்றே அழைக்கப்படுகிறார். கூனத்தறையைச் சேர்ந்த கே.கே. இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1996இல் இக்கூத்தைப் பற்றி எழுதிய நூல், கேட்க மனிதர் எவரும் இல்லாத இரவுகளிலும் புலவர்கள் ஒரு பாட்டுக்கான பொருளை விடாமல் விரித்துரைப்பதைப் பதிவுசெய்திருக்கிறது. வாலியின் வழக்கும் அப்படித்தான் அங்கே நடக்கிறது. அரசன், அரக்கன், வானரன் என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே வகைத் தோல், ஒரே விளக்கொளி. கம்பர் சொன்ன விடைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமையாது.

வேறு விடைகளும் உண்டு. சமணர் வாலையே நீக்கிவிட்டார்கள். விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய ‘பௌமசரிய’த்தில் வானரர் குரங்குகளே அல்லர், கொடியிலும் தோரணத்திலும் குரங்குச் சின்னம் பொறித்த வித்தியாதர அரச மரபினர். இராவணனுக்குப் பத்துத் தலை என்பதும் கழுத்தணியின் மணிகளில் முகம் பிரதிபலித்ததால் வந்த பெயர் என்று விளக்கம் பெறுகிறது. பாலக்காடு நகரில் ஜைனமேட்டில் பழைய சந்திரநாதர் கோயில் இன்றும் இருக்கிறது. கம்பனைக் கேட்ட மண்ணிலேயே இந்த மாற்றுக் கதையின் சமயமும் வாழ்ந்திருக்கிறது. சமண விளக்கம் அறிவுக்கு இசைவானதே. ஆனால் அது கேள்வியைத் தீர்க்கவில்லை, அகற்றிவிட்டது. விலங்குடலில் அறிவு இருக்க முடியுமா என்று கேட்டவருக்கு, விலங்குடலே இல்லை என்பது விடையாகாது.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு விளக்கம் வலுப்பெற்றது: வானரர் என்றது தென்னாட்டின் பழங்குடிகளை அல்லது திராவிடரை; வென்றவர்கள் அவர்களைக் குரங்கென்று இழித்தார்கள். பெரியாரின் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ 1930இல் வெளிவந்தது. புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல்தான் விடுதலை பெற்றது. இந்த வாசிப்பின் பின்னால் இருந்த தன்மான உணர்வு நியாயமானது. ஆனால் இன்றைய மலைவாழ் மக்கள் எவரையும் வானரரின் வழியினர் என்று காட்ட ஆதாரம் கிடையாது. காட்ட முயல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகவே முடியும். இடுக்கி எல்லை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள முதுவர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறினார்கள் என்று சொல்கிறார்கள். பெயருக்கும் அதையே காரணம் காட்டுகிறார்கள். மன்னான் மக்களுக்குக் கோவில்மலையில் இன்றும் தங்கள் அரசர் இருக்கிறார். அவர்களுக்குத் தங்கள் கதையும் தமிழ்சார்ந்த பேச்சும் உண்டு. இதிகாசத்திலிருந்து ஒரு வாலைக் கடன் வாங்கித் தர வேண்டியதில்லை. அதே இடுக்கியின் கிழக்கு விளிம்பில், தேனிச் சமவெளியைப் பார்த்தபடி காற்று ஓயாமல் அடிக்கும் ராமக்கல்மேடு, சீதையைத் தேடிவந்த இராமன் கால்வைத்த கல் என்று நம்பப்படுகிறது. நிலத்தில் கதை தங்குவதற்கு ஒரு பாறை போதும். மக்களைப் பாத்திரமாக்க வேண்டாம்.

பாலக்காட்டு நாட்டார் வழக்கில் பேர்பெற்ற ஒடியனை வானரரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. இரவில் எருதாகவோ நாயாகவோ பூனையாகவோ உருமாறித் தனியே வருபவரைத் தாக்குபவன் ஒடியன். மாறிய உருவில் வாலோ காலோ கொம்போ ஏதாவது ஒன்று குறைந்திருக்கும், அதைக் கொண்டு அடையாளம் காணலாம் என்பார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பிலேயே ஒடி வித்தை பற்றிய செய்திகள் உண்டு. 2018இல் மோகன்லால் நடித்த ‘ஒடியன்’ படம் பெயரை எங்கும் கொண்டுசென்றது. ஒடியன் ஓர் இனமல்ல, வித்தை கற்ற மனிதன். அந்தப் பழியும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் மீதே சுமத்தப்பட்டது. வானரரின் கதை ஒரு விலங்குக்கு மனித மதிப்பை அளிக்கிறது. ஒடியன் கதையோ மனிதனிடமிருந்து அந்த மதிப்பைப் பறிக்கிறது.

கடல் கடந்தும் வானரர் சென்றார்கள். ஜாவாவின் பிரம்பானன் கோயிலிலும் கம்போடியாவின் அங்கோர் வாட்டிலும் அவர்கள் கல்லில் போரிடுகிறார்கள். தாய்லாந்தில் முதலாம் இராமா மன்னர் 1797இல் தொகுத்த ‘ராமகியன்’ அனுமனைக் காதலனாக்கியது. இராவணன் மகளான கடற்கன்னியை மணந்து, மீன்வால் கொண்ட குரங்கு மகனைப் பெறுகிறான். இரண்டு விலங்கினங்கள் கலந்த வாரிசு என்ற கற்பனை இன்றைய விளையாட்டுகளுக்கு முன்பே அங்கே உண்டு. சீனப் புதினமான ‘மேற்கு நோக்கிய பயண’த்தின் குரங்கு வீரன் சுன் வூகோங் அனுமனிடமிருந்து வந்தவன் என்று ஹூ ஷி 1923இல் வாதிட்டார், லூ சுன் அதை மறுத்துச் சீன மூலத்தையே காட்டினார். சீனத் துறைமுகமான சுவான்சோவின் பௌத்தக் கோபுரத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் குரங்கு வீரன் சிற்பம் ஒன்று உண்டு. அதே நகரில் தமிழ் வணிகர் 1281இல் பொறித்த கல்வெட்டும் உண்டு. இரண்டையும் இணைக்கும் சான்று இல்லையென்றாலும், கதை பயணம் செய்யக் கப்பல் இருந்தது என்பது உறுதி.

விளையாட்டு நூல்களில் வானரருக்கு நேர்ந்தது என்ன? வால், மரமேறும் திறன், குறும்பு ஆகியவை பத்திரமாக வந்து சேர்ந்தன. பாத்ஃபைண்டர் அவர்களுக்குச் சுறுசுறுப்பிலும் நுண்ணறிவிலும் இரண்டிரண்டு புள்ளிகளைக் கூட்டி, பிறரைப் பேச்சால் கவரும் ஆற்றலில் இரண்டைக் குறைக்கிறது. சொல்லின் செல்வன் பிறந்த இனத்துக்குப் பேச்சில் குறை வைத்திருக்கிறார்கள். குரங்கைப் பார்த்து இனத்தை எழுதினால் இப்படித்தான் ஆகும். அரக்கர்களுக்கும் இதே கதி. 1977ஆம் ஆண்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல் அவர்களைப் புலித்தலையராக வரைந்து நிலைநிறுத்திவிட்டது. உடலை வைத்துக் குணத்தையும் திறனையும் முன்கூட்டியே எழுதிவைப்பது தவறு என்ற எண்ணம் அந்த விளையாட்டு உலகத்திலேயே வளர்ந்து, 2024ஆம் ஆண்டுப் பதிப்பு ‘இனம்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘உயிர்வகை’ என்று மாற்றிக்கொண்டது. திறன் புள்ளிகளையும் உடல்வகையிலிருந்து பிரித்து வளர்ந்த சூழலோடு சேர்த்தது. வாலியிடம் இராமன் சொன்ன இடத்துக்கு அவர்கள் அரை நூற்றாண்டு ஆடிய பிறகு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தமிழில் இப்படி ஓர் உலகத்தைப் படைக்க முனைவோர் வெளிநாட்டு நூலைப் பார்த்து வானரரை எழுதத் தேவையில்லை. அறுவடை முடிந்து தை பிறந்ததும் பாலக்காட்டுக் கோயில்களில் கூத்துமாடங்கள் திறக்கும். வைகாசிக்குள் பருவம் முடிந்துவிடும். வாலி வதம் நடக்கும் இரவு எது என்று புலவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாயோடு போய் அமர்ந்து விடியும் வரை கேட்க வேண்டும்.